சரமும் உதிரியும்

பூந்தமல்லி பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் பூக்கூடையோடு உட்கார்ந்திருக்கும் அம்மா, யார் வந்து நின்றாலும் ஒரே கேள்விதான் கேட்பார்: "உதிரியா, கட்டினதா?" உதிரி என்றால் தராசில் நிறுத்துப் பொட்டலம் கட்டுவார். கட்டினது என்றால் முழம். முழத்தை அவர் கையால்தான் அளப்பார். அந்தக் கை கொஞ்சம் குட்டை என்பது என் மனைவியின் நெடுநாள் சந்தேகம்.

ஊருக்குப் பெயரே பூவால் வந்தது. பூவிருந்தவல்லி பேச்சில் தேய்ந்து பூந்தமல்லியாயிற்று. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் இங்கே பிறந்த திருக்கச்சி நம்பி இங்கிருந்தே காஞ்சி வரதருக்குப் பூ கொண்டுபோனார் என்பார்கள். அவர் உதிரியாகக் கொண்டுபோனாரா, தொடுத்துக் கொண்டுபோனாரா என்று யாரும் எழுதிவைக்கவில்லை. எனக்கோ இந்த அத்தியாயத்துக்கு அந்த விவரம்தான் வேண்டும்.

ஏனென்றால் உயிர் தன் பெரிய பண்டங்களை எல்லாம் இந்த இரண்டே வழிகளில்தான் செய்துகொள்கிறது. சின்னச் சின்ன மூலக்கூறுகளை ஒன்றோடொன்று கோத்து நீளச் சரமாக்குவது ஒரு வழி. கோக்காமலே கூடையில் குவித்துவைப்பது இன்னொரு வழி. அரிசி, துணி, தோல், தசை, மரபு எல்லாம் சரம். எண்ணெயும் நெய்யும் உதிரி.

உவமை ஓரிடத்தில் இடறும் என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன். பூச்சரத்தில் பூ வேறு, நார் வேறு. மூலக்கூறுச் சரத்தில் தனியாக நார் கிடையாது. பூவின் காம்பே அடுத்த பூவைப் பிடித்துக்கொள்ளும். அப்படிப் பிடிக்கும்போது ஒவ்வொரு முடிச்சிலிருந்தும் ஒரு தண்ணீர் மூலக்கூறு கழன்று வெளியே போகும். முடிச்சை அவிழ்க்க வேண்டுமென்றால் அந்தத் தண்ணீரைத் திரும்பக் கொடுக்க வேண்டும். சாப்பாடு செரிப்பது என்பது பெரும்பாலும் இந்தத் தண்ணீர்க் கணக்கைத் தீர்ப்பதுதான்.

இப்படி ஒரு சரம் இருக்கிறது என்பதையே நூறாண்டுக்கு முன் வேதியியல் அறிஞர்கள் நம்பவில்லை. சண்டை ரப்பரை வைத்து நடந்தது. அம்பத்தூரில் என் தலைமுறைக்கு ரப்பர் என்றால் டன்லப் ஆலைதான். ஷிஃப்ட் விட்டதும் சாலையை அடைத்துக்கொண்டு வரும் சைக்கிள் கூட்டம் இன்னும் கண்ணில் நிற்கிறது. அந்த டயருக்குள் இருந்தது ஐசோப்ரீன் என்ற ஐந்து கரியணுத் துண்டு, ஆயிரக்கணக்கில். அவை தனித்தனிச் சிறு வளையங்களாக ஒட்டிக்கொண்டு கிடக்கின்றன என்பது அன்றைய பெரியவர்களின் கட்சி. அதாவது உதிரி. இல்லை, எல்லாம் உறுதியான பிணைப்பால் தொடுத்த ஒரே நீளச் சரம் என்று 1920-இல் எழுதினார் ஜெர்மானியரான ஹெர்மன் ஸ்டாடிங்கர்.

ரப்பரில் உள்ள இரட்டைப் பிணைப்புகளின் ஈர்ப்பால்தான் வளையங்கள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன என்று எதிர்க்கட்சி சொன்னது. ஸ்டாடிங்கர் ரப்பரில் ஹைட்ரஜனை ஏற்றி அந்த இரட்டைப் பிணைப்புகளைத் தீர்த்துக்கட்டினார். எதிர்க்கட்சி சொன்னது சரியென்றால் ரப்பர் உதிர்ந்து, ஆவியாகும் சிறு மூலக்கூறுகளாகிவிட வேண்டும். உதிரவில்லை, பழையபடி பிசுபிசுவென்றே கிடந்தது. பெருமூலக்கூறு என்ற சொல்லை 1922-இல் அவரே புழக்கத்துக்குக் கொண்டுவந்தார். நோபல் பரிசு வர 1953 ஆயிற்று. அப்போது அவருக்கு வயது 72.

பள்ளிப் பாடநூல் உயிரின் பெருமூலக்கூறுகளை நான்கு பெட்டிகளில் போடும்: கார்போஹைட்ரேட், புரதம், நியூக்ளிக் அமிலம், கொழுப்பு. மரத்தில் வடியும் ரப்பரும் உயிர் செய்த சரம்தான். ஆனால் அதற்கு இந்த நான்கில் சரியான பெட்டி இல்லை. அதோடு நான்காவது பெட்டியில் இருப்பது சரமே இல்லை. பெட்டிகளை நான் அவ்வளவாக நம்புவதில்லை, சமையலறையை நம்புகிறேன்.

எங்கள் வீட்டில் இட்லிக்கு நாலுக்கு ஒன்று கணக்கு: நாலு பங்கு புழுங்கல் அரிசி, ஒரு பங்கு உளுந்து. அரிசியில் இருப்பது மாவுச்சத்து. அது குளுக்கோஸ் மட்டுமே கோத்த சரம், தனி மல்லி மாதிரி. சில சரங்கள் கிளையில்லாமல் சுருள்சுருளாகப் போகும், அது அமிலோஸ். மற்றவை இருபது முப்பது குளுக்கோஸ் மணிக்கு ஒரு கிளை விட்டுப் புதராக வளரும், அது அமிலோபெக்டின். ஒரு சோற்றுப் பருக்கையின் மேல் காயத்துக்குப் போடும் டிஞ்சர் அயோடினை ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள், கருநீலமாகிவிடும். அமிலோஸ் சுருளின் குழாய்க்குள் அயோடின் வரிசையாகப் போய் உட்கார்ந்துகொள்வதால் வரும் நிறம் அது.

உளுந்தின் வேலை வேறு. அரைக்கும்போது கையில் வழவழவென்று நூல் விடுகிறதே, அது ஒரு சர்க்கரைச் சரம், பெயர் அராபினோகாலக்டன். உளுந்தின் புரதமும் இந்தப் பிசினும் சேர்ந்துதான் மாவில் காற்றுக்குமிழிகளை உடையாமல் பிடித்துவைக்கின்றன என்று மைசூரில் உள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையத்தார் பிரித்துக் காட்டியிருக்கிறார்கள். காற்றை ஊதுவது லியூகோனோஸ்டாக் என்ற பாக்டீரியா. மார்கழிக் குளிரில் அது சோம்பல்படும், மாவு பொங்காது. அன்று தோசைதான்.

இட்லிப் பானையில் ஆவி ஏறினதும் மாவுச்சத்துத் துகள்கள் தண்ணீரைக் குடித்து உப்பி, சரங்கள் நெகிழ்ந்து விரிகின்றன. அதே இட்லியை ஃப்ரிட்ஜில் வைத்தால் மறுநாள் விறைத்துப்போகிறது. ஈரம் போனதால் என்று நினைப்போம். உண்மையில் நெகிழ்ந்த சரங்கள் மறுபடி அருகருகே வந்து ஒழுங்காக அடுக்கிக்கொள்கின்றன. அப்படி இறுகிய மாவுச்சத்தில் ஒரு பகுதி சிறுகுடலில் செரிக்காமல் பெருங்குடல்வரை போய், அங்குள்ள பாக்டீரியாக்களுக்கு உணவாகும். பழைய சோற்றிலும் இது உண்டு.

இனிதான் விசித்திரம். ஆவடியில் ஓ.சி.எஃப் என்று எல்லாரும் சொல்லும் படைத்துறை உடைத் தொழிற்சாலை 1961-இலிருந்து ராணுவத்துக்குச் சீருடை தைக்கிறது. சீருடையில் உள்ள பருத்தியைக் கரைத்துப் பார்த்தால் கிடைப்பது என்ன? அதே குளுக்கோஸ். அரிசியில் இருந்த அதே மணி, ஒரு அணு கூடுதலில்லை, குறைவில்லை. கோத்த விதம் மட்டும் மாறியிருக்கிறது. மாவுச்சத்தில் எல்லா மணியும் ஒரே பக்கம் பார்க்கும். அதனால் சரம் சுருளும். செல்லுலோஸில் ஒன்று மேல் பார்த்தால் அடுத்தது கீழ் பார்க்கும். அதனால் சரம் நேராக நிற்கும். நேரான சரங்கள் பக்கம் பக்கமாகப் படுத்து ஹைட்ரஜன் பிணைப்பால் இறுகிவிடும். வேட்டியைத் துவைத்தால் கஞ்சி போகிறது, வேட்டி போவதில்லை. இரண்டுமே குளுக்கோஸ்தான்.

நம் எச்சிலில் உள்ள அமிலேஸ் மாவுச்சத்து முடிச்சை அவிழ்க்கும். வெறும் சோற்றை மென்றுகொண்டே இருந்தால் இனிப்பது அதனால்தான். திருப்பிக் கோத்த முடிச்சு அதற்குத் தெரியாது. அம்பத்தூர்த் தெருக்களில் மாடு சுவரொட்டியைக் கிழித்துத் தின்பதைப் பார்க்காதவர் இருக்க முடியாது. அதன் வயிற்றில் குடியிருக்கும் நுண்ணுயிரிகளுக்கு இரண்டு முடிச்சும் அத்துப்படி. மைதாப் பசை மாவுச்சத்து, காகிதம் செல்லுலோஸ், ஆக மொத்தம் குளுக்கோஸ். இப்போது ஃப்ளெக்ஸ் பேனர் வந்து அதன் சாப்பாட்டில் மண்ணைப் போட்டுவிட்டது. அந்தப் பிளாஸ்டிக் சரத்தை அவிழ்க்க மாட்டின் வயிற்றில் யாரும் இல்லை.

பூக்கார அம்மா வாழைநாரை ஒரு டப்பா தண்ணீரில் ஊறவைத்திருப்பார். நாரும் செல்லுலோஸ்தான். தண்ணீர் உள்ளே புகுந்து இழைகளுக்கிடையே பிடியைத் தளர்த்தும், நார் வளையும். காய்ந்தால் முறியும்.

தனி மல்லி போதும், கதம்பத்துக்கு வருவோம். மல்லி, கனகாம்பரம், மரிக்கொழுந்து என்று மாற்றி மாற்றிக் கட்டும் சரம். புரதம் அப்படிப்பட்டது. அமினோ அமிலங்கள் 20 வகை. நூறு மணி மட்டுமே கொண்ட ஒரு குட்டிப் புரதத்தை எத்தனை விதமாகக் கோக்கலாம் என்று கணக்குப் போட்டால், 1 எழுதி அதன் பின்னால் 130 சுழி போட வேண்டியிருக்கும். எந்த மணி எங்கே என்பதுதான் புரதத்தின் ஜாதகம். அதைப் பொறுத்தே அது மடிந்து ஒரு வடிவத்துக்கு வரும். வடிவம் வந்தபின்தான் அதற்கு வேலை.

இந்தக் கதம்பங்களில் நம் உடம்பில் அதிகம் இருப்பது கொலாஜன். தோல், எலும்பு, தசைநார், குருத்தெலும்பு எல்லாம் அதுதான். அதன் முடிச்சு அவிழ்ந்த இடம் சென்னை.

கோ. நா. இராமச்சந்திரன் 1952-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் பேராசிரியராக வந்தபோது வயது 30. சி. வி. இராமனின் மாணவர். எக்ஸ்-கதிர் கருவி கிண்டி வளாகத்தில் தயாராயிற்று. எதைப் படமெடுப்பது என்பதுதான் கேள்வி. அந்த ஆண்டு இங்கே வந்த ஆங்கிலேய அறிஞர் ஜே. டி. பெர்னால், கொலாஜனின் வடிவம் யாருக்கும் சரியாகப் பிடிபடவில்லை என்று பேச்சுவாக்கில் சொல்லிவிட்டுப் போனார். கொலாஜன் வேண்டுமென்றால் தோல் வேண்டும். சாலைக்கு அந்தப் பக்கமே மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம். அங்கே கிடைத்த மாதிரிகளில் நன்றாகப் படம் விழுந்தது கங்காருவின் வால் தசைநார்.

சென்னைக்கும் தோலுக்கும் உள்ள உறவைப் பூந்தமல்லியில் இருப்பவருக்கு விளக்க வேண்டியதில்லை. நம் வாசலில் ஓடும் நெடுஞ்சாலையிலேயே மேற்கே போனால் ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி. அந்தத் தொழிற்கூடங்களில் முன்பு ஆவாரம் பட்டைச் சாற்றில் தோலை ஊறப்போடுவார்கள். பட்டையின் துவர்ப்புப்பொருள் கொலாஜன் சரங்களுக்கிடையே புகுந்து ஒன்றோடொன்றைக் கட்டிப்போடும். அதன்பின் தோல் அழுகாது, வெந்நீரிலும் எளிதில் சுருங்காது. பதனிடுதல் என்பது இவ்வளவுதான். காலங்காலமாகத் தோலைப் பதனிட்டவர்களுக்குக் கை பழகியிருந்தது. உள்ளே கட்டுண்டது எப்படி இருக்கும் என்று பார்த்தவர் இல்லை.

இராமச்சந்திரனும் உடன் உழைத்த கோபிநாத் கர்த்தாவும் கண்ட விடை முப்புரி. மூன்று சரங்கள், ஒவ்வொன்றும் இடப்பக்கமாக முறுக்கிக்கொண்டது, மூன்றும் சேர்ந்து வலப்பக்கமாக முறுக்கிக்கொண்டவை. கயிறு திரிப்பவருக்கு இது புதிதல்ல. புரியை ஒரு பக்கம் முறுக்கி, சேர்க்கும்போது எதிர்ப்பக்கம் முறுக்கினால்தான் கயிறு பிரியாது. 1954-இல் நேச்சர் இதழில் முதல் வடிவம் வந்தது. அடுத்த ஆண்டே திருத்திய வடிவம் வந்தது.

மூன்று புரியும் இவ்வளவு நெருங்கி முறுக்கிக்கொண்டால் நடுவில் இடமே இருக்காது. அதனால் ஒவ்வொரு மூன்றாவது மணியும் கிளைசீனாகத்தான் இருந்தாக வேண்டும். கிளைசீன்தான் 20 வகையில் மிகச் சிறியது. அதன் பக்கக் கிளை வெறும் ஒரு ஹைட்ரஜன் அணு. அந்த இடத்தில் வேறொரு மணி தப்பித்தவறி வந்து உட்கார்ந்தால் புரி சரியாக முறுக்கேறாது. தொட்டால் முறியும் எலும்போடு பிள்ளைகள் பிறக்க அது ஒரு காரணம். புரி தளராமல் இருக்க இன்னொரு மணியில் ஒரு ஆக்ஸிஜனை ஒட்டவைக்க வேண்டும். அதற்கு வைட்டமின் சி துணை தேவை. நெல்லிக்காயும் எலுமிச்சையும் காணாத பழங்காலக் கப்பல்காரர்களின் ஈறுகள் கசிந்தது கொலாஜன் கயிறு இற்றுப்போனதால்தான்.

ஆட்டுக்கால் சூப்பை மணிக்கணக்கில் கொதிக்கவைத்தால் முப்புரியும் பிரிந்து தனித்தனி இழையாகிவிடும். ஆறினதும் இழைகள் தாறுமாறாகச் சிக்கிக்கொண்டு தண்ணீரைப் பிடித்துவைக்கும். பாத்திரத்தைச் சாய்த்தால் அல்வாத்துண்டு போல ஆடும். அதுதான் ஜெலட்டின். முழங்கால் வலிக்கு ஆட்டுக்கால் நல்லது என்று சொல்லாத வீடு இல்லை. நானும் குடிக்கிறேன், ருசிக்காக. வயிறு அதைக் கொலாஜனாக விட்டுவைப்பதில்லை; மணியும் துண்டுமாக அறுத்துவிடும். அழகுக்கு விற்கும் விலை உயர்ந்த கொலாஜன் பொடிக்கும் வயிற்றில் அதே மரியாதைதான்.

முப்புரி வடிவத்துக்கு உடனே எதிர்ப்பு வந்தது, வந்த இடமும் சாதாரண இடமல்ல. டி.என்.ஏ வடிவத்தைக் கண்ட பிரான்சிஸ் கிரிக்கும், அலெக்சாண்டர் ரிச்சும் இராமச்சந்திரனின் வடிவில் சில அணுக்கள் ஒன்றையொன்று இடிக்கும் அளவுக்கு நெருங்கிவிட்டன என்றார்கள். சரங்களுக்கிடையே மூன்று மணிக்கு இரண்டு ஹைட்ரஜன் பிணைப்பு என்றார் இவர். ஒன்றுதான் என்றார்கள் அவர்கள். அந்த நுணுக்கத்தில் அவர்கள் சொன்னதே நின்றது. முப்புரி என்ற அடிப்படை இவருடையது.

எனக்கு இந்தக் கதையில் பிடித்தது அடுத்து நடந்தது. இடிக்கிறது என்றால் எவ்வளவு நெருங்கினால் இடிக்கும்? அதற்கு அதுவரை ஒழுங்கான அளவு இல்லை. இராமச்சந்திரனும் சி. இராமகிருஷ்ணனும் வி. சசிசேகரனும் அதுவரை தெரிந்த படிக வடிவங்களிலிருந்து அணு அணுவாக இடைவெளிகளைத் திரட்டினார்கள். புரதச் சரத்தில் ஒவ்வொரு மணிக்கும் திரும்பக்கூடிய மூட்டு இரண்டு. முதல் மூட்டு இத்தனை பாகை, இரண்டாவது இத்தனை பாகை திரும்பினால் எந்த அணு எதை இடிக்கும் என்று மேசைக் கணக்குப் பொறியைச் சுற்றிச் சுற்றிக் கணக்கிட்டு ஒரு கட்டத்தாளில் குறித்தார்கள். தாளின் பெரும்பகுதி இடிபடும் இடம்; நடமாட முடிந்தது சில தீவுகளில் மட்டும். 1963-இல் அச்சான அந்தத் தாள்தான் இராமச்சந்திரன் வரைபடம். இன்றும் உலகில் எங்கே ஒரு புதிய புரத வடிவம் கண்டாலும், கணினி ஊகித்துச் சொன்னாலும், அந்தத் தாளில் வைத்துப் பார்க்காமல் ஏற்க மாட்டார்கள். கொலாஜனில் ஒரு நுணுக்கம் தோற்றதற்கு ஈடாகக் கிடைத்தது இது. நோபல் கிடைக்கவில்லை. 2001-இல் சென்னையில் காலமானார்.

கதம்பத்தில் ஒரே ஒரு பூ மாறினால் என்ன ஆகும்? இரத்தத்தின் ஹீமோகுளோபினில் பீட்டா என்ற சரத்துக்கு 146 மணி. ஆறாவது மணி குளூட்டாமிக் அமிலமாக இல்லாமல் வாலினாக இருந்தால், ஆக்ஸிஜனை இறக்கிவைத்த ஹீமோகுளோபின்கள் ஒன்றோடொன்று ஒட்டி நீளக் கோலாகும்; சிவப்பணு அரிவாள் போல வளைந்துவிடும். இந்த அரிவாள் இரத்தம் ஆப்பிரிக்காவுக்கு மட்டும் உரியது என்று நினைத்திருந்த காலத்தில், 1952-இல் லேமன், கட்புஷ் என்ற இருவர் நீலகிரிப் பழங்குடியினரிடம் அதைக் கண்டார்கள். இந்தியாவில் அது முதல் பதிவு.

எந்தப் பூவுக்குப் பின் எந்தப் பூ என்ற பட்டியல் இருப்பது டி.என்.ஏ-வில். அதுவும் சரம்தான், பூ நான்கே வகை. மூன்று மூன்றாகப் படித்தால் ஒரு அமினோ அமிலத்தின் பெயர் வரும். மனிதச் செல் ஒன்றில் உள்ளதை நீட்டிவைத்தால் சுமார் இரண்டு மீட்டர் இருக்கும். பட்டியலின் நகலாக ஆர்.என்.ஏ கிளம்பிப் போய் ரைபோசோமிடம் சேரும்; கோக்கும் கை அதுதான். பாக்டீரியாவில் நொடிக்குப் பதினைந்து இருபது மணி கோத்துவிடும். ரைபோசோமில் நகலைப் படிக்கும் பாதியின் வடிவத்தை 2000-இல் அணு அணுவாகக் காட்டியவர்களில் ஒருவர், 1952-இல் சிதம்பரத்தில் பிறந்த வெங்கி இராமகிருஷ்ணன். 2009-இல் தாமஸ் ஸ்டைட்ஸ், அடா யோனத் ஆகியோரோடு நோபல் பெற்றார். புரதத்தைக் கோக்கும் முடிச்சைப் போடுவது ரைபோசோமின் புரதமல்ல, அதிலுள்ள ஆர்.என்.ஏ என்பதும் அந்தக் காலத்து வேலைகளில்தான் தெளிவாயிற்று. கோழி முந்தியா முட்டை முந்தியா என்பதுபோல, புரதம் முந்தியா ஆர்.என்.ஏ முந்தியா என்ற பழைய வழக்கில் இது ஆர்.என்.ஏ பக்கத்துக்குச் சாட்சி.

மீதி இருப்பது உதிரி. அம்பத்தூர் பால்பண்ணையிலிருந்து விடியுமுன் வந்திறங்கும் ஆவின் பாக்கெட்டில் நீலம் என்றால் கொழுப்பு 3 சதவீதம், ஆரஞ்சு என்றால் 6. அந்தக் கொழுப்பு எதுவும் சரமாகக் கோக்கப்பட்டதல்ல. கிளிசராலில் மூன்று வால் தொங்கும் சிறு மூலக்கூறுகள், அவ்வளவுதான். வால் நேராக இருந்தால் நெருங்கி அடுக்கி நெய் போல உறையும். வளைந்திருந்தால் அடுக்க முடியாமல் நல்லெண்ணெய் போல வழியும். மார்கழி விடியலில் ஷெல்ஃபில் உறைந்து நிற்கும் தேங்காய் எண்ணெய் எந்த ரகம் என்று இப்போது சொல்லிவிடலாம்.

மூன்று வாலில் ஒன்றை எடுத்துவிட்டு அங்கே தண்ணீருக்குப் பிரியமான ஒரு தலையை வைத்தால் அது பாஸ்போலிப்பிட். தண்ணீரில் விட்டதும் தலைகள் வெளியே பார்க்க, வால்கள் உள்ளே ஒளிய, தாமாகவே இரட்டை வரிசையில் நின்றுகொள்ளும். யாரும் கட்டவில்லை, முடிச்சும் இல்லை. ஒவ்வொரு செல்லுக்கும் சுவர் இதுதான். கனம் ஒரு மில்லிமீட்டரில் இரண்டு லட்சத்தில் ஒரு பங்கு. கட்டாததால்தான் கிழிந்தால் தானே கூடும், ஒன்று பிரிந்து இரண்டாகும், புரதங்கள் அதில் மிதந்து நகரும். சோப்பு நுரை இதே கூட்டத்துக்குள் புகுந்து வரிசையைக் கலைக்கும். கொரோனாவின் மேலுறையும் இப்படிப்பட்ட உதிரிதான். சோப்பு போட்டுக் கை கழுவச் சொன்னது அதற்காகத்தான்.

சாயங்காலம் அரும்பு விரிகிற நேரத்தில் அந்தக் கூடையருகே நின்றால் மணம் ஆளைத் தூக்கும். இதழின் செல்லுலோஸும் புரதமும் டி.என்.ஏ-வும் எதுவும் மூக்குவரை வருவதில்லை. அவ்வளவு கனமான சரங்கள் பறக்காது. கொலாஜன் முப்புரி ஒன்றின் மூலக்கூறு எடை சுமார் மூன்று லட்சம். மல்லி காற்றில் விடும் லினலூல், பென்சைல் அசிட்டேட் போன்றவற்றுக்கு நூற்றைம்பது சொச்சம்தான். அவை எதோடும் கோக்கப்படாதவை. முழம் போட்டுக் கொடுத்தாலும் பொட்டலமாகக் கொடுத்தாலும் அவை மட்டும் உதிரியாகவே வருகின்றன.